வலப்பக்கம் தைத்த புத்தகம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பைண்டிங் கடையில், சுகன்யா ஒரு வெள்ளைத் தாளை மடித்து மடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் வைத்திலிங்கம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

இருபத்துநான்கு பக்கப் புத்தகத்துக்கு ஆறு தாள் போதும். ஒவ்வொரு தாளையும் நடுவில் மடித்தால் நான்கு பக்கம். ஆறையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பின் மேல் இரண்டு பின் அடித்தால் வேலை முடிந்தது. ஆனால் தாளில் பக்கங்கள் வரிசையாக வருவதில்லை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக அச்சாகும்; இரண்டாம் பக்கமும் இருபத்துமூன்றாம் பக்கமும் அதன் முதுகில். அந்த வெளித்தாளை விரித்து வைத்தால், மடிப்புக்கு வலப்புறம் முதல் பக்கம் இருக்குமானால் அது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரிப் புத்தகம். இடப்புறம் இருக்குமானால் அது மறுபக்கத்திலிருந்து திறக்கும். சுகன்யாவுக்கு வேண்டியது அந்த மறுபக்கம்.

வைத்திலிங்கத்துக்கு அதொன்றும் புதிதில்லை. "லப்பைக்குடிக்காடு மதரசாவுக்கு வருசா வருசம் இப்படித்தான் தச்சுக் குடுக்குறேன். அவங்களுக்கு எழுத்தே அந்தப் பக்கத்துலேருந்து ஓடுது, சரி. ஒன் பொஸ்தவத்துல எழுத்தே இல்லியே பாப்பா. எந்தப் பக்கம் தச்சா என்ன?"

"படம் அந்தப் பக்கத்துலேருந்து ஓடுதுங்க" என்றாள்.

அவர் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு அம்புக்குறியாவது போடு, இல்லையென்றால் ஊரில் எவனும் பின்னாலிருந்துதான் பிரிப்பான் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த மாதிரிப் புத்தகங்களை வெளிநாடுகளில் பதிப்பிக்கிறவர்கள், தவறான பக்கத்தைத் திறந்தால் 'நில், இது கடைசிப் பக்கம்' என்று ஒரு அறிவிப்பைப் போட்டுவிடுவது வழக்கம். சுகன்யாவுக்கும் அது தெரியும். ஆனால் அவளுடைய கடைசிப் பக்கம் ஆள் அரவமற்ற ஒரு சாலை. அதன் மேல் அம்புக்குறியை ஒட்ட மனம் வரவில்லை. பத்து வருடமாக இப்படியே படித்துப் பழகியவளுக்கு, மற்றவர்களின் கை வேறு பக்கம் போகும் என்பது அப்போது பெரிய விஷயமாகத் தோன்றவுமில்லை.

ஜப்பானில் சித்திரக்கதைக்கு மங்கா என்று பேர். அங்கே எழுத்து மேலிருந்து கீழே இறங்கும், வரிகள் வலமிருந்து இடமாக நகரும். அதனால் கட்டங்களும் அதே திசையில் ஓடும். இப்போது அந்தப் பாணியில் சொந்தக் கதை வரைகிறவர்கள் பிரேசிலில் இருக்கிறார்கள், ஸ்பெயினில் இருக்கிறார்கள், இந்தோனேசியாவில் இருக்கிறார்கள். பலர் தங்கள் மொழிக்கு ஏற்றபடி திசையைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் பழைய திசையையே வைத்துக்கொண்டார்கள். சுகன்யா கலந்துகொண்ட போட்டி, ஒரு வெளிநாட்டு இணையதளம் ஆண்டுதோறும் நடத்துவது. அதற்கு முக்கியமான விதிகள் இரண்டுதான். கதை வலமிருந்து இடம் ஓட வேண்டும். ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. சொல் இல்லாவிட்டால் எந்த ஊர்க்காரரும் மொழிபெயர்ப்பு இல்லாமல் படித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

அவள் வேலை பார்ப்பது ஒரு பிளக்ஸ் கடையில். காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்கப் பேனர் வடிவமைப்பாள். இறந்தவரின் ஆதார் அட்டைப் படத்தை வெட்டி எடுத்து மேகத்தின் மேல் வைப்பதில் அவளுக்கு நிகர் கிடையாது. முதலாளி கலையரசன் அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைவதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து "என்ன மாங்கா, பழுத்துச்சா?" என்று கேட்பார். அதற்கு மேல் கேட்டதில்லை.

செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு டேப்லெட்டில் ஏழு மாதம் வரைந்தாள். இந்தப் பாணியில் சாம்பல் நிறமே கிடையாது. கறுப்பு மை மட்டும்தான். சாம்பல் வேண்டுமென்றால் சின்னச் சின்னப் புள்ளிகளை இடைவெளி விட்டு நிரப்ப வேண்டும். புள்ளி நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். லாரி கிளப்பும் சுண்ணாம்புப் புழுதிக்கு எவ்வளவு புள்ளி என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு மூன்று வாரம் ஆனது. போட்டிக்கு வந்தவற்றில் நாற்பதைத் தேர்ந்தெடுத்துத் தளத்தில் வெளியிட்டார்கள். அவளுடையது முப்பத்தொன்றாவது. ஆறாயிரம் பேர் பார்த்தார்கள். பெருவிலிருந்து ஒரு பெண் அழும் முகம் போட்டிருந்தாள். இந்தோனேசியாவிலிருந்து ஒருவர் எழுதியதை மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தபோது, 'என் அப்பா படகில் போனார்' என்று வந்தது. வீடு இருக்கும் பாடாலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து அதை நாலைந்து தடவை படித்தாள். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

கதை அவள் அப்பாவைப் பற்றியது. அப்பா செல்லதுரை சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். சுகன்யாவுக்கு எட்டு வயதானபோது, ஒரு விடியற்காலையில் வீட்டை விட்டுப் போனார். விக்கிரமங்கலத்தில் கலைமணி என்ற பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார் என்று பிறகு தெரிந்தது. அம்மா பொன்னுத்தாய் போய்க் கூப்பிடவும் இல்லை, யாரையும் அனுப்பவும் இல்லை. புள்ள தூங்கும்போது ஓடிட்டான் என்று மட்டும் கேட்கிறவர்களிடம் சொல்வாள்.

சுகன்யா தூங்கவில்லை. அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அப்பாவின் நெஞ்சின் மேல் கை போட்டபடி படுத்திருந்தாள். அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தபோது முழித்துத்தான் இருந்தாள். கண்ணை முழுதாகத் திறக்கவில்லை, அழவில்லை, கூப்பிடவில்லை. இருபது வருடமாக அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால், ஏண்டி எழுப்பலை என்று அம்மா ஒரு தடவையாவது கேட்டிருப்பாள்.

அந்தக் காலையைத்தான் வரைந்திருந்தாள். முதல் பக்கத்தில் பாயில் இருவரும் தூங்குகிறார்கள். பிறகு ஐந்து பக்கம், பக்கத்துக்கு ஒரு விரல். அப்புறம் குழந்தையின் கண், ஒரு நூலளவு திறந்து. ஆணியிலிருந்து சட்டை எடுக்கும் கை. படியில் கால்கள். கதவில் நிற்கும் குழந்தை. மக்காச்சோளக் காட்டை ஒட்டி ஓடும் லாரி. புழுதி. கடைசியில் வெறும் சாலை. அப்பாவின் முகத்தை எங்குமே வரையவில்லை. நினைவில் இல்லாததை எப்படி வரைவது?

அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. செய்தி தாமதமாகக் கிடைத்து அப்பா ஒருமுறை போன் செய்தார். கலைமணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை, நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்றார். அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். ஆனால் நம்பரை அழிக்கவில்லை. நீங்கள் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவருக்கு பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. சொல்லே இல்லாத புத்தகம் என்றால் அவரும் படிக்கலாம். போட்டிக்கு அனுப்பியபோது இல்லாத எண்ணம் இது. முப்பத்தொன்றாவதாக வெளிவந்து, ஆறாயிரம் பேர் பார்த்த பிறகு, பார்க்க வேண்டிய ஆள் பார்க்கவில்லை என்று தோன்றியபோது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டாள். பெரம்பலூரில் மாறி, அரியலூரில் மாறி, விக்கிரமங்கலத்தில் இறங்கும்போது பதினொன்றாகிவிட்டது. அப்பா முந்திரித் தோப்பு ஒன்றுக்குக் காவல். தோப்பின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தார். முன்கூட்டியே போன் செய்திருந்ததால் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, வாசலிலேயே நின்றிருந்தார். ஆள் அவள் நினைத்ததைவிடக் குள்ளம்.

"வா கண்ணு. பஸ்ஸுல கூட்டமா?"

"இல்லைங்க. உக்காந்துதான் வந்தேன்."

அவளை உள்ளே உட்கார வைத்து, கடையில் வாங்கி வைத்திருந்த கலரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, நான் வரைந்தது, படித்துப் பாருங்கள் என்றாள். எழுத்து இருக்குமே என்று தயங்கினார். எழுத்து இல்லைங்க, படம்தான் என்றதும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கலர் அவளுக்குப் புரையேறியது. அவள் திரும்பி இருமிவிட்டு நிமிர்ந்தபோது, அவர் படிக்க ஆரம்பித்திருந்தார்.

கை எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் போயிருந்தது. கடைசிப் பக்கம் அவருக்கு முதல் பக்கம் ஆகிவிட்டது.

"ரோடு" என்றார், படத்துக்குப் படம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. "நம்ம பாடாலூர் ரோடா இது? புழுதி. லாரி வருது."

அவள் வரைந்ததில் லாரி போகிறது. ஆனால் போவதும் வருவதும் படத்தில் மட்டும் இருப்பதில்லை. கண் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் ஓடும் வண்டி, போகிற வண்டி. அதற்கு எதிராக வந்தால் திரும்பி வருகிற வண்டி. லாரியை இடப்பக்கம் பார்த்து வரைந்திருந்தாள். வலமிருந்து படித்தால் அது தூரமாகப் போகும், இடமிருந்து படித்தால் வீட்டுக்கு வரும். அவளுடைய பக்கங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம்தான் என்பதால் பக்க வரிசை தலைகீழானதும் கதையும் முழுதாகத் தலைகீழானது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டம் இருந்த இடத்தில் மட்டும் அவர் கொஞ்சம் தடுமாறினார். முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு தானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டு நகர்ந்தார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடத்தில் நடப்பதை, படிக்கிறவர்தானே நடத்திக்கொள்கிறார்.

"கதவுல நிக்கிறா பாரு, நீதான. எறங்கி வரேன். சட்டையக் கழட்டி மாட்டுறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

குழந்தையின் கண் வந்த பக்கத்தில் லேசாகச் சிரித்தார். "தூங்குற மாதிரி பாசாங்கு." பிறகு விரல்கள் வந்தன. கடைசி விரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக, அவர் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தன. அங்கே அவர் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். முதல் பக்கத்துக்கு, அவருக்குக் கடைசிப் பக்கத்துக்கு, வந்து சேர்ந்தபோது இருவரும் பாயில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இதச் சொல்லத்தான் வந்தியா கண்ணு" என்றார். "வூட்டுக்கு வரச் சொல்லி."

அவள் பதில் சொல்வதற்குள் அவர் எழுந்துவிட்டார். கட்டைப் பையை உதறி, கொடியிலிருந்து வேட்டியை எடுத்து மடித்து வைத்தார். காவலுக்கு நல்லுசாமியிடம் சொன்னால் போதும், அவன் எத்தனையோ நாளாக இந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றார். பாடாலூர் வீட்டில் பின்பக்கம் ஓடு இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டார். ஒழுகுகிறது என்றாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்கு ஒரு தொந்தரவும் வைக்க மாட்டேன், என் சோற்றை நானே ஆக்கிக்கொள்வேன் என்றார்.

ஒழுகுகிற அந்த வீடு அவள் கண்ணுக்கு வந்தது. வேலை முடிந்து போய்ப் பூட்டைத் திறப்பாள். சத்தத்துக்காக டிவியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள். அரை டம்ளர் அரிசி வைப்பாள், அதிலும் மிஞ்சும். இனிமேல் திறந்த வீட்டுக்குள் போகலாம். சாப்டியா என்று ஒரு குரல் கேட்கும். அதற்கு அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அவர் ஒரு புத்தகத்தைப் படித்தார், அவருக்குப் புரிந்தபடி புரிந்துகொண்டார். யார் மேல் குற்றம்? அவர் மாத்திரை டப்பாவைப் பையில் வைக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் அவர் வந்தால், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையிடம்தான் வந்திருப்பார். முழித்துக்கொண்டிருந்தவள் தனியாகவே இருப்பாள், ஒரே வீட்டில்.

"அத இந்தப் பக்கத்துலேருந்து படிக்கணுங்க" என்றாள்.

அவர் விளையாட்டு என்று நினைத்தார். அவள் புத்தகத்தை எடுத்து, மறுபுறம் மேலே வரும்படி வைத்து, முதல் பக்கத்தைக் காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். இது அப்படித்தான், வேற ஊரு வழக்கம், வலதுலேருந்து வரணும், இதுதான் தொடக்கம் என்று மெதுவாக விளக்கினாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இந்த முறை வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கப்படும் விரல்களைப் பார்த்தார். கண் திறந்திருந்த பக்கத்துக்கு வந்ததும் அதற்கு மேல் புரட்டவில்லை. முன்பு பாசாங்காகத் தெரிந்த அதே கண்தான். ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை.

"நான் முழிச்சிருந்தேன்" என்றாள் சுகன்யா. இருபத்துநான்கு பக்கமும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

"தெரியும்" என்றார் அவர்.

தோப்புக்குள் எங்கோ யாரோ சுள்ளி ஒடிக்கும் சத்தம் கேட்டது.

அவர் ஒரு பக்கம் பின்னால் புரட்டி, சுண்டு விரல் இருந்த படத்தின் மேல் நகத்தை வைத்தார். "இது தப்பு. நாலு வெரலத்தான் நான் எடுத்தேன். இத நீயா எடுத்துட்ட."

அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தை எட்டோ ஒன்பதோ தடவை வரைந்திருப்பாள். அவருடைய பெரிய கை, அவளுடைய சின்ன விரல். அவர் கையின் பிடி சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழித்தது நினைவிருக்கிறது. தன் விரலைத் தானே எடுத்தது நினைவில் இல்லை. தன் கையை மடியில் வைத்துச் சுண்டு விரலை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

"தெரிஞ்சுமா போனீங்க?"

"நீ உட்டுட்டன்னு நெனச்சேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எட்டு வயசுப் புள்ள உட்டுச்சின்னு" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் அவள் மூன்று பஸ் ஏறி வந்தாள். அது அவரிடம் இருபது வருடமாக இருந்திருக்கிறது, அவளிடம் இருப்பதைவிட ஒரு விரல் கூடுதலாகவே. அவள் கோபப்பட ஒரு இடம் தேடினாள். கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு எட்டு வயதுக் குழந்தை, கண்ணை மூடிக்கொண்டு, அவருக்கு வழிவிட்டுக் கொண்டிருந்தது.

இப்போதும் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கட்டைப் பையிலிருந்து வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார். மடிப்புக் கலைந்துவிட்டதால் மறுபடி எடுத்து நீவிப் போட்டார். மாத்திரை டப்பாவை ஜன்னலில் வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போ, முட்டை வாங்கி வைத்திருக்கிறேன் என்றார். சாப்பிட்டாள். குழம்பில் உப்பு கூட இருந்தது. நன்றாக இருக்கிறது என்றாள்.

பஸ் ஸ்டாப்புக்கு அவரும் கூட வந்தார். நிழலுக்காக இருவரும் மூடிக்கிடந்த ஒரு டீக்கடையின் தாழ்வாரத்தில் நின்றார்கள். முக்கால் மணி நேரம் பஸ் வரவில்லை. இடையில் அவர், அந்தப் புழுதி அப்படியே இருக்கிறது, புள்ளி புள்ளியாக எப்படி வைத்தாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். நெருக்கி வைத்தால் இருட்டு, தள்ளி வைத்தால் வெளிச்சம் என்று, கடையில் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தெரிந்தவர்களில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வேறெங்கும்கூட இதுவரை யாரும் கேட்டதில்லை.

அரியலூர் பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தியது அவர்தான். அவள் பின்படியில் ஏறினாள். அவர் கம்பியைப் பிடித்தபடி கீழே நின்றார், புத்தகம் அக்குளில் இருந்தது. கூட்டத்தை உள்ளே தள்ளிக்கொண்டு வந்த கண்டக்டர் அவளைப் பார்த்து, "அப்பாவச் சீக்கிரம் ஏறச் சொல்லும்மா, வண்டி எடுக்கணும்" என்றார்.

அவர் அதற்குள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அவரு வரலைங்க" என்றாள் சுகன்யா.

கண்டக்டர் விசில் அடித்தார்.